அட்டைப் படத்துப் புல்

நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று கையில் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். புறக்கடைக் கோழி வளர்ப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதன் அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கம்பிவலை அடைப்பு ஒன்று. உள்ளே பச்சைப் பசேலென்று புல். அந்தப் புல்லில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருக்கின்றன. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு சேவல், காலில் மஞ்சள் துணி. ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் ஒரு அம்மா.

அந்தப் புல், முந்தின நாள் சாயங்காலம் நான் கொண்டுவந்து பதித்தது. அந்தப் படம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கோழிகளில் பாதிக்கு மேல் செத்து விழுந்தன. சேவலும் அதில் ஒன்று.

ஓய்வு பெற்றவன் புதிதாக வந்த உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உற்சாகமாக ஏதாவது எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் அப்படி எதுவும் மிச்சமில்லை. இது ஒன்றுதான் இருக்கிறது. இதை யாரும் கையேட்டில் போடமாட்டார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவனில்லை. குஞ்சுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்குவதற்கு வந்தவன். சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர் என்று ஊர் ஊராக இறக்கிப்போட்டு, அங்கே பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாராவது நயமாக ஒன்று சொல்லிவிட்டால் அப்போதே எழுதிக்கொள்வேன். அதன் முதல் பக்கத்தில் இருப்பது இந்த அட்டைப்படத்து அம்மா சொன்னதுதான். பேர் பேச்சியம்மாள். முதல்முதலாக அவர் வீட்டுப் புறவாசலில் அடைப்புக் கட்டி, அருகம்புல் நட்டுக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்துப் போய் நின்றேன். ஒரு புல் இல்லை. மொட்டைத் தரை.

“ஏன் அண்ணாச்சி, நீங்க குடுத்த கோழிக்குக் காலு ரெண்டா, மம்பட்டி ரெண்டா?” என்று கேட்டார்.

கோழி அடைப்பில் புல்லை நிறுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புல் இருந்தால் பூச்சி வரும், மழைக்குச் சேறாகாது, கோழிக்குக் காலில் புண் வராது. எல்லாம் சரி. ஆனால் புல் நிற்க வேண்டுமே. நுனியைக் கிள்ளித் தின்றால்கூடப் பரவாயில்லை. அது வேரைக் கிளறிப் போட்டுவிட்டு, அந்தக் குழியிலேயே படுத்து மண் குளிக்கும். மிச்சத்தை எச்சம் கருக்கும். அதற்கும் தப்பியதைச் சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும். நான் பழைய கட்டில் சட்டத்தில் வலை அடித்து, புல்லுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பார்த்தேன். பேச்சியம்மாளின் கோழிகள் அந்தச் சட்டத்தின் மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தன.

கடைசியில் அடைப்பை இரண்டாக வகுத்தேன். ஒரு பாதியில் கோழி, மறுபாதியில் புல்லுக்கு ஓய்வு. மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். இது பல வீடுகளில் ஓரளவுக்குக் கைகொடுத்தது. பேச்சியம்மாள் வீட்டில் கொடுக்கவில்லை. காரணம் அந்தச் சேவல்.

அவருடைய மகள் செல்வியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தது. ஆறு வருடமாகப் பிள்ளையில்லை. அவளுக்கு ஒரு பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் கோயில் கொடை விழாவில் சேவல் பலி தருகிறேன் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு குஞ்சைக் காலில் மஞ்சள் துணி கட்டி விட்டிருந்தார். அது நன்றாக வளர்ந்து கூவத் தொடங்கிய சமயத்தில் செல்வி முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. அன்றிலிருந்து அந்தச் சேவல் அந்த வீட்டில் கோழியில்லை, ஒரு ஆள். நேர்ந்துவிட்டதைப் பிடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. அது கூரையில் நிற்கும், தெருவில் போகும், நினைத்தால் பறந்துவந்து ஓய்வில் இருக்கும் புல்லுக்குள் இறங்கும். இறங்கியதும் கொக்கரித்துக் கூப்பிடும். அது கூப்பிட்டால் மற்றதெல்லாம் தடுப்பைத் தாண்டி அங்கே போய் நிற்கும். ஒரு மாத ஓய்வு ஒரு காலையில் முடிந்துபோகும்.

“அதை மட்டும் கொஞ்ச நாளைக்கு வெளியவே நிப்பாட்டுங்களேன், பேச்சியம்மா.”

“அது நேர்ந்தது அண்ணாச்சி. அது போற பக்கம் போவும்.”

“அது போற பக்கமெல்லாம் மத்ததும் போவுதே.”

“அதுக்கு நான் என்ன செய்ய? சாமிகிட்ட போயி, இங்கன ஒரு அண்ணாச்சி புல்லு வளக்காரு, அதுவரைக்கும் கூப்பிடாம இருக்கச் சொல்லும்னு கேக்கவா?”

இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

செல்விக்கு ஐந்து மாதம் நடக்கும்போது, வெளியூரிலிருந்து ஆட்கள் நம் வேலையைப் பார்க்க வருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். புல் உள்ள ஒரு அடைப்பைக் காட்ட வேண்டும், படம் எடுப்பார்கள், கையேட்டில் வரும் என்றார் மேலதிகாரி. என் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவர் மிரட்டவில்லை. அத்தனை வருடமாகப் புல், புல் என்று பேசியவனுக்கு, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள்தான் இருந்தது. மூன்று நாளில் புல் வளராது. வளர்ந்த புல்லை மண்ணோடு கொண்டுவரலாம். பேச்சியம்மாளின் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். நடவு முடிந்த ஒரு வயலின் வரப்பில் புல் அடர்ந்து கிடந்தது. வயல்காரரிடம் கேட்டேன்.

“எடுத்துட்டுப் போரும்வே,” என்றார். “வரப்பு பூரா நண்டு வளை. தண்ணி நிக்க மாட்டேங்கு. எப்படியும் வெட்டிட்டுப் புதுசாத்தான் வைக்கணும். எனக்கும் வேலை மிச்சம்.”

நண்டு என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. மண்டைக்குள் விழவில்லை. நண்டு வளை உள்ள வரப்பில் இந்தப் பக்கத்துச் சனங்கள் என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஊர் ஊராகப் போய், வரப்புப் பக்கம் கோழியை விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனே நான்தான். அன்றைக்கு என் கண்ணுக்குப் பச்சை நிறம் ஒன்றுதான் தெரிந்தது.

வருகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாளம் பாளமாக வெட்டி, சுமை ஆட்டோவில் ஏற்றி, அடைப்பில் பதித்துத் தண்ணீர் தெளித்தேன். காலையில் படம் எடுக்கும்வரை கோழி கலைத்துவிடக் கூடாது. அதனால் கோழிகளைக் கூட்டிலேயே விட்டோம். பாக்கி இருந்தது சேவல். அது வெளியே நின்றால் எந்த நேரமும் உள்ளே இறங்கும். அதுவும் படத்தில் வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

“ஒரே ஒரு காலைப்பொழுது, பேச்சியம்மா. மேல ஒரு வலையக் கட்டிக்கிடுதேன். பழைய மீன்வலைதான். அதுக்குள்ள இருந்து பாத்தாலும் வானம் தெரியும். அடைக்கிறோம்னு ஏன் நினைக்கிய? விருந்துக்குக் கூப்பிடுதோம்.”

அவர் கூரையில் நின்ற சேவலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “படம் எடுத்ததும் தெறந்து விட்டுருவியள்லா?” என்று கேட்டார்.

“சத்தியமா.”

இரண்டு வருடமாக அந்த அம்மா என் பேச்சைக் கேட்டுவந்தவர். எனக்காகத்தான் சரி என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கூட்டைத் திறந்ததும் கோழிகள் புல்லில் இறங்கின; சேவலையும் அப்போதுதான் வலைக்கு அடியில் உள்ளே விட்டோம். சேவல் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் காலால் இரண்டு தடவை கிளறி, கொக்கரித்துக் கூப்பிட்டது. அவ்வளவுதான், ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. வந்தவர்களில் ஒருவர் பேச்சியம்மாளிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றார்.

“என்னத்தச் சொல்ல? கோழிக்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்காரு அண்ணாச்சி. எங்க வீட்டுல மெத்தையில நிக்கது அதுக மட்டுந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிவிட்டு அவரும் வாயைப் பொத்திச் சிரித்த நேரத்தில் எடுத்த படம் அது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோழி புதுப் புல்லைக் கண்டால் நுனியைக் கிள்ளும், நகரும், திரும்பக் கிள்ளும். வேர் மண்ணைக் கிளறி, ஒரே இடத்தில் நின்று அப்படி மும்முரமாகப் பொறுக்காது. மண்ணுக்குள் தீனி கிடந்தால்தான் அப்படிப் பொறுக்கும். என் கண் அதைப் பார்த்தது. நான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் கையைத் தட்டி விரட்டியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். விருந்தாளிகள் முன்னால் எப்படி விரட்டுவது? அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்த நிமிடத்தைத்தான்.

அடுத்த ஊரில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அண்ணாச்சி, அதுக கிறுகிறுத்து விழுது. சீக்கிரம் வாங்க. சேவல் எந்திரிக்க மாட்டேங்கு.”

நான் போய்ச் சேரும்போது அவர் அடைப்புக்குள் உட்கார்ந்திருந்தார். சேவலின் தலை மடியில் கிடந்தது. அலகைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அப்படியே வழிந்து வெளியே வந்தது. காலில் மஞ்சள் துணி இருந்தது. வலையை நான் அவிழ்க்காமலே போயிருந்தேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒதுக்குப்புறமாகப் போய்ச் செத்த கோழி ஒன்றின் இரைப்பையைக் கீறிப் பார்த்தேன். காய்ந்த சோற்றுப் பருக்கை. அதில் ஒட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் குருணை மருந்து. நண்டுக்காகச் சோற்றில் பிசைந்து வளைக்குள் வைத்தது. பிறகு வயல்காரரிடம் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. “போன வாரம் வச்சேன்லா. நீரு புல்லுதானவே கேட்டீரு, மருந்தா கேட்டீரு?” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

கோழியைக் கீறிப் பார்த்துவிட்டு அடைப்புக்குத் திரும்பினால், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அரிவாள்மணையோடு நிற்கிறார்கள். ஒருத்தி அடுப்பில் தண்ணீர்கூட வைத்துவிட்டாள். “துடிக்கும்போதே அறுத்துரணும் பேச்சிக்கா, இல்லைன்னா வீணாப் போவும்.” சட்டைப்பையில் என் போன் அடிக்கிறது. மேலதிகாரி. நான் ஓடிப்போய் அரிவாள்மணையைப் பிடித்தேன்.

“திங்கக் கூடாது! யாரும் தொடாதீங்க.”

“ஏன்? என்னவாம்?”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். விஷம் என்றால், எங்கிருந்து வந்த விஷம் என்று கேட்பார்கள். மண்ணிலிருந்து. மண் எங்கிருந்து? நான் கொண்டுவந்தேன். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் எனக்குள் ஓடியது. பிறகு ஒரு வார்த்தை சொன்னேன்.

“நோய்.”

அந்த வார்த்தை செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. யாரும் தின்னவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. பொய் சொன்னாலும் நல்லதுக்குத்தானே என்று நிற்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

பேச்சியம்மாள் தலையைத் தூக்கினார். “நோயா? காலையில கூவுச்சே.” பிறகு மேலே கட்டியிருந்த வலையை அண்ணாந்து பார்த்தார். பைய, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, “அடைச்சேன்லா. நேர்ந்ததப் போயி வலை போட்டு அடைச்சேன்லா,” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு ஒன்பதையும் புதைத்தேன். புதைத்துவிட்டு மேலதிகாரிக்கு, வெயில் தாங்கவில்லை என்று சொன்னேன். ஒரு இடத்தில் நோய், ஒரு இடத்தில் வெயில்.

அடுத்த இரண்டு நாளில் வியாபாரி கூடையோடு தெருவுக்குள் வந்தான். நோய் என்ற பேச்சு அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. பேச்சியம்மாளிடம் பிழைத்திருந்த மூன்றையும் சேர்த்துத் தெரு முழுக்கக் கோழியைத் தள்ளிவிட்டார்கள். நான் பெட்டி பெட்டியாக இறக்கியது, சட்டம் அடித்துக் கொடுத்தது, பாதி பாதியாக வகுத்துக் கொடுத்தது எல்லாம் இரண்டு நாளில் காலி. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் குஞ்சு வாங்க ஆள் வரவில்லை. மற்ற வீடுகளில் கம்பிவலைகளை அவிழ்த்து அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டார்கள்.

கையேடு அச்சாகி வந்தது. நம் அலுவலகத்தில் யாரோ பெருமையாக ஒரு பிரதியை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. செல்வி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதுவரை அந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புறவாசல் படியில் உட்காரச் சொல்லி, அந்தக் கையேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அட்டையில் சேவல் இருந்த இடத்தில் ஓட்டை.

“கத்திரிச்சு எடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி. கோயில்ல பீடத்துக்குக் கீழ வச்சிருக்கேன். இப்போதைக்கு இத வச்சிக்கிடும்னு சொல்லியிருக்கேன். படத்தச் சாமி ஏத்துக்கிடுமா?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். சாமி கோபமில்லை, நோயும் இல்லை, நான் கொண்டுவந்த மண்ணில் நண்டு மருந்து இருந்தது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஓட்டை விழுந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இத எதுக்கு இப்பச் சொல்லுதிய?”

“உங்க மேல தப்பு இல்லன்னு…”

“எம்மேல தப்புன்னா நான் கும்பிட்டுச் சரி பண்ணிக்கிடுவேன். இத்தன நாளும் அதத்தான் செய்யுதேன். வெள்ளிக்கெழம பட்டினி கெடக்கேன், கோயிலுக்கு நடந்தே போறேன். சரியாப் போயிரும்னு இருந்தேன். ஒங்க மேலன்னா? நான் யாரப் போயிக் கும்பிட?”

உள்ளேயிருந்து செல்வி, “யாரும்மா?” என்றாள்.

“கோழி அண்ணாச்சி வந்திருக்காருட்டி. நீ பைய எந்திரி.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவகிட்டச் சொல்லிராதிய. சேவல் கோயில்ல நிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்,” என்றார்.

அப்போது எனக்குள் என்ன கிடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாரம் இறங்கியிருந்தது. நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். இறக்கிய பாரத்தை நான் எங்கே வைத்துவிட்டு வந்தேன் என்று மறுநாள் காலையில்தான் உறைத்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். வராமல் இருக்க நான் என்ன சொல்லியும் பயனில்லை. வரப்பைப் பார்த்தால் அதில் என்ன போட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள் என்று சொல்லலாம். எனக்கே அது தெரியும், கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உண்மையைச் சொல்வதென்றால் அரிவாள்மணை நிற்கிற அந்த இடத்திலேயே, அந்த மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது உங்களை அடிப்பார்கள், ஏசுவார்கள், வேலைகூடப் போகலாம். ஆனால் அவர்கள் கையில் அது உண்மையாகப் போய்ச் சேரும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அது சொல்கிறவனுக்கு மருந்து, கேட்கிறவருக்கு வேறு என்னவோ. நான் சொன்னேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போனேன். செல்விக்குப் பெண்குழந்தை. தாயும் பிள்ளையும் ஆடிக்கொடைக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். சுகப்பிரசவம், குழந்தைக்கு ஒரு குறையுமில்லை. இருந்தாலும் அது தும்மினால் பேச்சியம்மாளின் கண் புறவாசலுக்குப் போய்விட்டு வருகிறது. நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறது. வேறு ஒரு குஞ்சு வளர்த்துக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். “என் கையால அடைச்சுல்லா அது செத்துச்சு. அந்தக் கை வளத்ததச் சாமி வாங்குமா?” என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லையா, நம்பியும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அடைப்பு அப்படியே இருந்தது. நான் பதித்த புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அடுப்படித் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது. எத்தனை மழை பெய்து எத்தனை தடவை மண் கழுவிப் போயிருக்கும். இருந்தாலும் அதில் ஒரு ஆட்டைக்கூட அவர் விடுவதில்லை. எத்தனையோ வருடம் இந்தப் பக்கம் முழுக்கப் புல் நட்டிருக்கிறேன். இன்றுவரை புல் நிற்கிறது என்று நான் கைநீட்டிக் காட்டக்கூடிய அடைப்பு அது ஒன்றுதான். கோழி இல்லை, அதனால் நிற்கிறது.

குழந்தை தவழ்ந்துபோய், கம்பிவலைக்குள் விரலை விட்டு ஒரு புல்லைப் பிடித்து இழுத்தது. பேச்சியம்மாள் காப்பித் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். “அங்கன போவாதட்டி!” விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, புல்லை எடுத்துத் தூர எறிந்து, கையைக் கழுவி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமில்லை.

“நல்லா வளந்திருக்குல்லா அண்ணாச்சி, ஒங்க புல்லு?”

நோட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.